நாட்டிங்ஹாமில் நான்கு நாள் ஃப்ரீஸ்டைல் கயாக் பயிற்சி: லூப் வரை போக முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: கேட்டவர் இரண்டு ஆண்டாக மூன்றாம் நிலை (நடுத்தரக் கடினமுள்ள) ஆறுகளில் கயாக் ஓட்டுகிறார். ஓடும் தண்ணீரில் ரோல், அதாவது கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்துவது, வருகிறது. வலப்பக்கம் உறுதி, இடப்பக்கம் பாதிக்குப் பாதி. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமை ஒட்டியுள்ள ஹோல்ம் பியர்பான்ட் செயற்கை ஆற்றோட்டத்தில் நான்கு நாள் ஃப்ரீஸ்டைல் (ஓடும் தண்ணீரில் ஓரிடத்தில் நின்று படகால் வித்தை காட்டுவது) பழகப் போகிறார். எந்தப் படகு, என்னென்ன சாமான், நாட்களை எப்படிப் பிரிப்பது, நான்காம் நாளுக்குள் லூப், அதாவது படகோடு முன்புறமாக அடிக்கும் முழுக் குட்டிக்கரணம், வருமா என்று கேட்கிறார்.

வரலாம். ஆனால் ஹோலில் (இறங்கும் தண்ணீர் திரும்பி உருண்டு படகைப் பிடித்து வைக்கும் இடம்; கீழே விளக்குகிறேன்) அது வருவதற்கு முன், அதன் அடிப்படை ஏரியில் வர வேண்டும். ஏன் என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும்.

ஒரு செஷன் இரண்டு மணி நேரம், வரிசையில் உங்களோடு சேர்த்து எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே போய் ஆடி வெளியே வர ஒரு நிமிடம் என்றால், உங்கள் முறை எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. இரண்டு மணி நேரத்தில் 15 முறை. போட்டியில் தரும் 45 விநாடியை முழுதாகத் தாக்குப்பிடித்தால்கூட ஹோலுக்குள் இருந்த நேரம் பதினோரு நிமிடம்தான். புதிதாகப் பழகுகிறவர் பதினைந்து இருபது விநாடியில் வெளியே தள்ளப்படுவார். அப்படிப் பார்த்தால் ஐந்து நிமிடம். நாளுக்கு இரண்டு செஷன், நான்கு நாள் என்றால் மொத்தம் முக்கால் மணி நேரம் தேறினால் பெரிது. புதிய அசைவு ஒன்றை உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க அந்த நேரம் போதாது. வெளியே பழகியதை உள்ளே சரிபார்க்கத்தான் போதும். கீழே சொல்வது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

முதலில் இடம். ஹோல்ம் பியர்பான்ட் ஓடை 1986-ல் திறந்தது. ட்ரென்ட் ஆற்றின் மதகை ஒட்டி, ஆற்றுத் தண்ணீரையே திருப்பிவிட்டு அமைத்தது; நீளம் சுமார் 700 மீட்டர், மொத்த இறக்கம் சுமார் 4 மீட்டர். 2022 உலக ஃப்ரீஸ்டைல் சாம்பியன்ஷிப் நடந்தது இங்கேதான்.   லண்டன் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய லீ வேலியில் பம்பு வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். அங்கே தண்ணீர் எப்போதும் ஒரே மாதிரி வரும். இங்கே பம்பு கிடையாது. மதகுக்கு மேலே உள்ள நீர்மட்டத்துக்கும் கீழே உள்ள நீர்மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் ஓடையை ஓட்டுகிறது. மழை பெய்து ட்ரென்ட் பெருகினால் தண்ணீர் கூடும், ஆட்டமும் பெரிதாகும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. வெள்ளத்தில் கீழ்மட்டம் மேல்மட்டத்தை விட வேகமாக ஏறும், வித்தியாசம் குறையும், ஹோல்கள் ஒவ்வொன்றாக முழுகித் தட்டையாகிவிடும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய ஒரு வாரம் ட்ரென்ட்டின் கோல்விக் அளவீட்டு நிலையத்தின் நீர்மட்டத்தை இணையத்தில் தினமும் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் முன்பதிவை மாற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள். இன்னொரு வசதியும் அங்கே உண்டு: பக்கத்திலேயே துடுப்புப் படகுப் போட்டிக்கான 2,000 மீட்டர் ஏரி. அதில் இறங்க அனுமதியும் நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் முதல் இரண்டு நாளில் ஏறத்தாழ பாதி அந்த ஏரிக்குத்தான் போக வேண்டும்.

படகு. ஆற்றில் நீளமாக ஓட்டுகிற கயாக்கை வைத்து ஃப்ரீஸ்டைல் பழக முடியாது. இன்றைய ஃப்ரீஸ்டைல் படகு 170 முதல் 185 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உட்காருமிடத்தைச் சுற்றிப் பருத்து, இரு முனையிலும் மெலிந்திருக்கும். பிளாஸ்டிக் படகு 14, 15 கிலோ. வாடகைக்கு எடுத்தாலும் இரவல் வாங்கினாலும் உற்பத்தியாளர் கொடுக்கும் எடை வரம்பைப் பாருங்கள். ஈர உடை, ஹெல்மெட், ஜாக்கெட்டுக்கு ஐந்தாறு கிலோ சேர்த்துக் கணக்கிட்டு, அந்த எடை வரம்பின் நடுவில் விழும் அளவை எடுங்கள். பெரிய படகு என்றால் அதன் முனை தண்ணீருக்குள் இறங்காது; நாலு நாளும் அதோடு மல்லுக்கட்டுவீர்கள். மிகச் சிறியது என்றால் இறங்கும், ஆனால் திரும்ப எழும்பாது. லூப்புக்குத் தேவை அந்த எழும்பல்தான்.

படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் நம் கடலோரத்தில் சொல்வார்கள். இங்கேயும் அந்தச் சொற்களையே வைத்துக்கொள்கிறேன்.

படகு வந்ததும் தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள். முதலில் ஒரு மணி நேரம் உள்ளே உடம்பைப் பொருத்துவதற்கு. ஃப்ரீஸ்டைல் படகில் கால் மிதிக்கப் பலகையோ பெடலோ வைப்பதில்லை. அணியத்துக்குள் கெட்டியான ஃபோம் கட்டையைச் செதுக்கித் திணிக்கிறார்கள். பாதம் முழுவதும் அதில் அமர வேண்டும். குதிகால்கள் நடுவில் நெருங்கி, விரல்கள் வெளிப்பக்கம் விரிந்து, முழங்கால்கள் தொடைப்பிடிக்குள் இறுக, தவளை உட்காருவதுபோல் இருக்க வேண்டும். செதுக்க ரொட்டி வெட்டும் பல்கத்தியே போதும். வளைவை முரட்டு மணல்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே விட்டு வெட்டுங்கள். உட்கார்ந்து பார்த்து, பெருவிரல் மடங்கினால் அந்த இடத்தில் மட்டும் விரலளவு பள்ளம் எடுங்கள். கட்டையும் பாதமும் தொடும் இடத்தில் இடைவெளி இருந்தால், நீங்கள் எகிறிக் குதிக்கும்போது அந்த இடைவெளியைக் கடக்கவே பாதிக் குதிப்பு போய்விடும். நீங்கள் எம்புவீர்கள், படகு எம்பாது. இடுப்புப் பட்டை இருபுறமும் இடுப்பெலும்பைத் தொட வேண்டும், நசுக்கக் கூடாது. இருபது நிமிடத்தில் கால் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம். பெரும்பாலும் முதுகுப் பட்டையை ஒரு பல் தளர்த்தினாலே சரியாகும். இவ்வளவுக்கும் பிறகு, உட்காரும் துளையைத் தண்ணீர் புகாமல் மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டைப் போட்டு, தலைகீழாகக் கவிழ்ந்து, அதை இழுத்து வெளியேற முடிகிறதா என்று ஏரிக்கரையில் இரண்டு தடவை பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. இறுக்கிய படகில் வெளியேறும் பழக்கம் வேறு, தளர்ந்த படகில் வேறு.

அடுத்தது சமநிலை. ஓடாத தண்ணீரில் சும்மா உட்காருங்கள். நண்பர் கரையில் நின்று பக்கவாட்டில் பார்க்கட்டும். அணிய விளிம்பும் அமர விளிம்பும் தண்ணீரிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அமரம் அமுங்கியிருந்தால் இருக்கையை ஒரு சென்டிமீட்டர் முன்னே நகர்த்துங்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றும். அணியத்தை முக்கி இறக்க உயிர் போகிற படகு, அந்த ஒரு சென்டிமீட்டரில் வெண்ணெய்க்குள் கத்திபோல் இறங்கிவிடும்.

சாமானில் இன்னும் சில. துடுப்பு ஆற்றுத் துடுப்பை விடக் குட்டை: 175 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 190 முதல் 194 சென்டிமீட்டர். துடுப்பின் இரு முனையிலும் உள்ள தட்டையான அலகுகளுக்கு இடையிலான திருப்பம் 30 டிகிரியோ அதற்குக் குறைவோ. அமரத்துக்குள் நடுத்தூணின் இருபுறமும் காற்றுப்பை வைத்து ஊதிவிடுங்கள். நீங்கள் வெளியேறினால் படகு தண்ணீர் குடித்து மூழ்காது. மூக்குக் கிளிப் கட்டாயம், அதுவும் இரண்டு. காதடைப்பானும் வேண்டும்: குளிர்ந்த நீரில் ஆண்டுக்கணக்கில் முங்கி எழுந்தால் காதுக்குள் எலும்பு வளர்ந்து துவாரத்தைக் குறுக்கும்; அலைச்சறுக்கு வீரர்களுக்கு வருகிற அதே தொல்லை. கோடையானாலும் ஹெல்மெட்டுக்கு அடியில் மெல்லிய நியோப்ரீன் குல்லாய். குளிர்காலம் என்றால் உள்ளே தண்ணீர் புகாத ட்ரை சூட்டும், துடுப்போடு சேர்த்து மாட்டும் கையுறையும். ஒரு பஞ்சு. பஞ்சைச் சொல்லக் காரணம் இருக்கிறது: எவ்வளவு நல்ல ஸ்கர்ட்டும் ஐந்தாறு கவிழலுக்குள் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நான்கு லிட்டர் சேர்ந்த படகில் நீங்கள் அணியத்தை இறக்கும்போது அந்த நான்கு கிலோவும் முன்னே ஓடும். மேலே எழும்ப வேண்டிய நேரத்தில் அங்கேயே கிடந்து கீழே இழுக்கும். "காலையில் வந்தது, மத்தியானம் வரவில்லை" என்று குழம்புகிறவர்கள் படகைச் சாய்த்துப் பார்த்தால் பாதிப் பேருக்குக் காரணம் கிடைக்கும். ஐந்து சவாரிக்கு ஒரு தடவை கரையேறி வடித்துவிடுங்கள். வடிகுழாய் மூடியைத் திருப்பி மூடினீர்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

இனி ஏரி வேலை. அடிப்படை ஒன்றே ஒன்று: அணியத்தைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கி, அதன்மேல் நிற்பது. வலப்பக்கம் செய்வதாக வைத்துக்கொள்வோம். இட முழங்காலை மேலே இழுத்துப் படகை வல விளிம்பில் அறுபது எழுபது டிகிரி சாயுங்கள். வல அலகை இடுப்புக்குச் சற்று முன்னால் தண்ணீரில் வைத்து, குட்டையாக ஓர் இழுப்பு. உடம்பைக் கொஞ்சம் பின்னே விடுங்கள். அணியம் ஓர் அடி மேலே வரும். மேலே வந்து ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் அடுத்த வேலை: அலகின் பின்முகத்தால் தண்ணீரை நேராகக் கீழே அழுத்தி, தோளையும் மார்பையும் வலப்பக்கம் துடுப்பை நோக்கித் திருப்பி, வயிற்றை மடக்கி, அணியத்தைக் குத்தி இறக்க வேண்டும். முந்தினால் அணியம் மேலேயே வந்திருக்காது, பிந்தினால் தானாக விழத் தொடங்கியிருக்கும். இரண்டிலும் உங்கள் அழுத்தம் வீணாகும். கையால் மட்டும் அழுத்துகிறவர்களுக்கு இறங்காது. பெரிய சக்தி இடுப்புத் திருப்பத்தில் இருக்கிறது. துடுப்பு அங்கே தண்ணீரில் ஊன்றிய ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

இறங்கியதும் படகு செங்குத்தாக நிற்கும்போது, நீங்கள் கால்கட்டையின்மேல் எழுந்து நிற்பதுபோல் உணர வேண்டும். முழங்கால் சற்று மடங்கி, முதுகு அமரத்தின் பக்கம் சாய்ந்து, இரண்டு அலகும் இருபுறமும் தண்ணீரைத் தட்டிச் சமன் பார்க்க வேண்டும். முகத்தில் விழுவது போலிருந்தால் பின்னே சாயுங்கள், முதுகில் விழுவது போலிருந்தால் முன்னே. மூன்று விநாடி நிற்க முடிந்தால் ஹோலுக்குப் போகத் தகுதி வந்துவிட்டது. ஏரியிலேயே முழு லூப் போட முயலாதீர்கள். அங்கே தூக்கிவிட நீரோட்டம் இல்லை. ஹோலில் போடுவதை விட அது கடினம். அதற்குப் பதில், நிற்கும் நிலையிலிருந்து கால்கட்டையை உதைத்து எம்பி, பிறகு முன்னே மடங்கி விழுவதை மட்டும் பழகுங்கள்.

அந்த எம்பலுக்குத் தண்ணீரே வேண்டாம். கரைப் புல்லில் நில்லுங்கள். குந்தியபடி தொடங்கி, மார்பை விரித்து வானத்தைப் பார்த்து நேரே மேலே குதியுங்கள். உச்சிக்குப் போன பிறகு, அதற்கு முன் அல்ல, கைகளைக் கால்விரலை நோக்கி வீசி மடங்குங்கள். இருபது தடவை. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. லூப் தவறுவதற்கான முதல் காரணம் சீக்கிரம் மடங்குவது. பயம் உடம்பை மடக்கச் சொல்லும். மேலே போய்த்தான் மடங்க வேண்டும் என்பதைத் தரையில் பழக்கினால்தான் நுரைக்குள் தலைகீழாக இருக்கும்போது அது நினைவிருக்கும்.

ஹோல் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். தண்ணீர் ஒரு திட்டிலிருந்து வழுக்கி இறங்கும். அந்தச் சரிவு கண்ணாடிபோல் இருக்கும், அதைப் பச்சைத் தண்ணீர் என்பார்கள். கீழே போன தண்ணீர் மேலே எழுந்து, வந்த பக்கமாகவே திரும்பி உருண்டு வரும், அது நுரைமேடு. இரண்டும் சந்திக்கும் கோட்டை மடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பச்சைத் தண்ணீர் உங்களைக் கீழே தள்ளப் பார்க்கும், நுரைமேடு உங்களை மேலே பிடித்து வைக்கும். இவை இரண்டின் இழுபறியில்தான் படகு ஓரிடத்தில் நிற்கிறது. பக்கத்தில் கரையோரமாக மேல்நோக்கிச் சுழலும் அமைதியான தண்ணீர் எடி. வரிசை நிற்பது அங்கே.

முதல் பழக்கம் பக்கவாட்டில் நிற்பது. படகு ஆற்றுக்குக் குறுக்காக, மடிப்பில் கிடக்கும். உடம்பு நுரைமேட்டின் பக்கம், அதாவது ஆறு போகும் திசையில், சாய வேண்டும். தண்ணீர் வரும் பக்க விளிம்பு எப்போதும் தூக்கியே இருக்க வேண்டும். அந்த விளிம்பு ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் பச்சைத் தண்ணீர் அதன்மேல் ஏறி, கண் சிமிட்டும் நேரத்தில் உங்களைக் கவிழ்த்துவிடும். ஹோலில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் இதில்தான் அடிபடுகிறார்கள். துடுப்பை நுரைமேல் தாழ்வாக ஊன்றுங்கள், முழங்கை தோளுக்குக் கீழே. வெளியேற வேண்டுமானால் படகை முன்னேயோ பின்னேயோ நகர்த்தி ஹோலின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நுரை அங்கே மெலிந்து ஆளை விட்டுவிடும். அதற்கு அடுத்தது தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நேரே நிற்பது, பிறகு தட்டைச் சுற்று, அதாவது படகைத் தட்டையாக வைத்தபடியே வட்டமாகத் திருப்புவது. சுற்றைத் தொடங்க வேண்டியது நுரைமேட்டின் உச்சியில், படகு சரியத் தொடங்கும் கணத்தில். போகும் திசையை முதலில் தலை பார்க்க வேண்டும், படகின் அடி தட்டையாக இருக்க வேண்டும். மடிப்புக்குள் ஆழமாக இருந்தபடி சுற்றினால் ஏதாவது ஒரு முனை பச்சைத் தண்ணீரில் மாட்டும்.

லூப்பை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நேரே நிற்கிறீர்கள். துடுப்பை லேசாகப் பின்னே தள்ளி, பின்னே சாய்ந்து, நுரைமேட்டின் உச்சிவரை படகை ஏறவிடுங்கள். அணியம் தண்ணீரை விட்டுத் தூக்கியிருக்கும். படகு இறங்கத் தொடங்கியதும் முன்னோக்கி ஒன்றிரண்டு வலிப்பு. அணியம் மடிப்பை நெருங்கும்போது மார்பை முன்னே எறிந்து, அதை மடிப்புக்கு ஒரு சாண் மேலே பச்சைத் தண்ணீரில் நேராகக் குத்துங்கள். பச்சைத் தண்ணீர் அணியத்தைப் பிடித்து உங்களுக்கு அடியில் கொண்டுபோகும், படகு செங்குத்தாக எழும். எழ எழ கால்கட்டையின்மேல் நின்று, மார்பை விரித்து, மேலே எம்புங்கள். படகு செங்குத்தைத் தாண்டி, தண்ணீருக்குள் அமுங்கிய அணியம் துள்ளி வெளியே வரும்போது முழு வேகத்தோடு முன்னே மடங்குங்கள். கைகள் கால்விரலை நோக்கி. படகு உங்கள் தலைக்கு மேலே சுற்றி, மறுபடி அடிப்பக்கம் பட்டு விழும். விழுந்ததும் நிமிர்ந்து பின்னே வாருங்கள், இல்லாவிட்டால் அணியம் மறுபடி மாட்டும்.

தவறினால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பாதி சுற்றி முதுகில் விழுந்தால், சீக்கிரம் மடங்கிவிட்டீர்கள். கோணலாகத் திருகிப் பக்கவாட்டில் விழுந்தால், குத்தும்போது படகு நேராக இல்லை. ஒரு பக்கத் துடுப்பை அதிகம் இழுத்திருப்பீர்கள், அல்லது ஒரு காலை அதிகம் உதைத்திருப்பீர்கள். நேராகவும் நேரத்துக்கும் செய்தும் உயரமே வரவில்லை என்றால் குத்திய இடம் தப்பு. நுரையில் குத்தினால் அங்கே பாதி காற்று. காற்று கலந்த தண்ணீர் படகைத் தூக்குகிற பலம் குறைவு, எவ்வளவு உதைத்தாலும் மிதக்காது. ரொம்ப மேலே குத்தினால் அணியம் மாட்டும், ஆனால் படகு எழும்புவதற்குள் நீரோட்டம் அதைப் பின்னே எறிந்துவிடும். மடிப்புக்கு ஒரு சாண் என்று சொன்னது இதனால்தான். ஹோலுக்கு ஹோல் இது விரற்கடை மாறும். எடியில் நிற்கும்போது நன்றாகப் போடுகிறவர்களின் அணியம் எங்கே மறைகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

நாட்களைப் பிரிப்பது இப்படி. முதல் நாள் காலை முழுவதும் ஏரி: பொருத்தம், வெளியேறும் பழக்கம், இரு பக்க ரோல். உங்கள் இடப்பக்க ரோல் பாதிக்குப் பாதி என்றால் முதலில் அதற்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். ஹோல் உங்களை எந்தப் பக்கம் கவிழ்க்கும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அன்று பிற்பகல் ஓடையை மேலிருந்து கீழே மூன்று தடவை ஓட்டுங்கள். எந்த எடியில் நிற்கலாம், எங்கே ஏறலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு சிறிய ஹோலில் பக்கவாட்டுச் சவாரி. இரண்டாம் நாள் காலை ஏரியில் அணியத்தில் நிற்பது, பிற்பகல் சுற்று. அன்று கடைசியாக, லூப்புக்கான குத்து மட்டும்: குத்தி, செங்குத்தாக எழுந்து, எம்பாமல் விழுவது. மூன்றாம் நாள் காலை ஓய்வு. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நான்கு நாளில் மிகவும் பயன் தருவது இந்தக் காலைதான். இரண்டு நாள் உழைத்த தோள் மூன்றாம் நாள் காலையில் துடுப்பை உயரத் தூக்கும், உயரத் தூக்கிய கையில்தான் தோள் நழுவும். புல்வெளிக் குதிப்பு இருபது, அவ்வளவே. பிற்பகல் லூப். நான்காம் நாள் காலை மறுபடி லூப், பிற்பகல் 45 விநாடியைக் கைக்கடிகாரத்தில் வைத்து ஒரு தொடர்: இடச் சுற்று, வலச் சுற்று, லூப். போட்டி விதியில் இடமும் வலமும் தனித்தனி வித்தை, ஒரே வித்தையை இரண்டாம் தடவை செய்தால் புள்ளி இல்லை. அதனால் இப்போதே இரு பக்கமும் பழகுவது நல்லது.

ஒவ்வொரு சவாரிக்கும் ஒரே ஒரு நோக்கம். எடியில் நிற்கும்போதே அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: "பின்னே சாய்ந்து உச்சிக்குப் போக வேண்டும்", "எம்பும்வரை மடங்கக் கூடாது". இரண்டு நோக்கம் வைத்தால் இரண்டும் நடக்காது. நண்பர் படமெடுத்தால், மடிப்புக் கோட்டுக்கு நேர் பக்கத்தில் கரையில் நின்று, மெதுவாக ஓட்டிப் பார்க்கக்கூடிய வேகத்தில் எடுக்கட்டும். பார்க்கும்போது மூன்று இடத்தில் நிறுத்துங்கள்: அணியம் தண்ணீரைத் தொடும் கணம், படகு அதிகபட்ச உயரத்தில் இருக்கும் கணம், விழும் கணம். இரண்டாவதில் உங்கள் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முழங்காலைப் பார்த்துக் குனிந்திருந்தால், வேறு எதையும் ஆராய வேண்டாம்.

ஒழுங்குகள் சில. மேலிருந்து ராஃப்ட் (பலர் ஏறிவரும் காற்றடைத்த படகு) வந்தால் வழி அதற்குத்தான். ஹோலில் இருப்பவருக்கு முதுகில் கண் கிடையாது, எடியில் நிற்பவர்கள்தான் விசிலடித்துச் சொல்ல வேண்டும். வெளியே தள்ளப்பட்டதும் உடனே ரோல் போட்டு ஓரம் போங்கள். படகை விட்டு வெளியேற நேர்ந்தால் மல்லாந்து, கால் முன்னே, கால்விரல் தண்ணீருக்கு மேலே. இடுப்பளவு ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கக் கூடாது, அடியில் கால் மாட்டினால் நீரோட்டம் உடம்பை மடித்துவிடும். தோளில் சுருக்கென்று வலித்தால் அந்த நாள் முடிந்தது. இன்னும் ஒரு முறை என்று இறங்க வேண்டாம்.

கடைசியாக உடல்நலம். இது நகரங்களைக் கடந்து வரும் ஆற்றுத் தண்ணீர். கனமழைக்கு மறுநாள் கழிவும் சேர்ந்து வரும். காயம், சிராய்ப்பு இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீர் பாட்டிலின் வாயை ஆற்றுநீர் படும்படி படகில் வைக்காதீர்கள். கோலா குடித்தால் வயிறு சரியாகிவிடும் என்று அங்கே பலர் சொல்வார்கள். அதை நம்பிக் கை கழுவாமல் இருக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் நம் ஊர் வெள்ளத்தில் வருவதுபோல அங்கேயும் ஆற்றுநீரில் வரும். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும், ஒரு மாதம் வரைகூட ஆகலாம். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காமல் மருத்துவரிடம் போய், எந்தத் தேதியில் எந்த ஆற்றில் முங்கினீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.